இலவச ஆன்லைன் தற்கொலைத் தடுப்புப் பயிற்சி: தேர்வு முதல் சான்றிதழ் வரை

மருத்துவரோ உளவியலாளரோ அல்லாத யாரும், இருந்த இடத்திலிருந்தே, காசு கொடுக்காமல், ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய பயிற்சிகள் இவை. துறையில் இருப்பவர்கள் ‘கேட்கீப்பர் பயிற்சி’ என்பார்கள். மூன்று வேலைகளைச் சொல்லித்தருகின்றன: அறிகுறியைக் கவனிப்பது, நேரடியாகக் கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சிகிச்சை தருவது உங்கள் வேலை இல்லை. அது தெரியாமல் சேர்பவர்கள்தான் ‘இவ்வளவுதானா?’ என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

தொடங்கும் முன் ஒன்று. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கே இப்போது வந்துகொண்டிருந்தால், இதை மூடிவிட்டு ஓர் உதவி எண்ணை அழையுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926, மலேசியாவில் 15555, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 116 123, ஆஸ்திரேலியாவில் 13 11 14, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. பயிற்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1. எந்தப் பயிற்சி என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

தேடினால் நிறையப் பெயர்கள் வந்து விழும். பாதி உங்களுக்கானவை அல்ல. பொதுமக்களுக்கென்றே செய்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முன் எதுவும் படித்ததில்லை என்றால் இங்கிலாந்தின் ஜீரோ சூசைட் அலையன்ஸ் நடத்தும் பயிற்சியில் தொடங்கலாம். சுமார் 20 நிமிடம். அதற்கும் நேரமில்லை என்பவர்களுக்கு ஐந்து, பத்து நிமிடத்தில் முடியும் ஒரு அறிமுகமும் வைத்திருக்கிறார்கள். வெறும் உரையாக இல்லாமல், ஒருவர் பேசும் வீடியோவைக் காட்டி ‘இப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்?’ என்று தெரிவு கேட்பது இதன் பலம்.

இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்க முடிந்தால் அயர்லாந்தின் பொதுச் சுகாதாரத் துறை நடத்தும் ஒரு மணி நேரப் பயிற்சி உண்டு. நியூசிலாந்தில் இருப்பவர்களுக்கு லைஃப்கீப்பர்ஸ் என்ற தேசியப் பயிற்சி இலவசம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களை மனதில் வைத்துச் செய்த ‘சேவ்’ பயிற்சி சைக்ஆர்மர் தளத்தில் இருக்கிறது, அரை மணி நேரம்கூட ஆகாது. எடுத்துக்காட்டுகள் படைவீரர் பற்றியவை என்றாலும், கேட்கும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான்.

கொலம்பியா புரோட்டோகால் கொஞ்சம் வேறு மாதிரி. ஆறு கேள்விகள், கேட்க வேண்டிய வரிசை, எந்த விடைக்கு எவ்வளவு அவசரம் என்பது, இவ்வளவுதான். குடும்பத்தினர், நண்பர்கள், ஆசிரியர்கள் என்று தனித்தனி வடிவங்கள் உண்டு, எல்லாம் இலவசம். முதல் பயிற்சியாக இதை எடுக்காதீர்கள். பேசத் தெரிந்த பிறகு எடுத்தால்தான் கேள்விகள் விசாரணை மாதிரி ஆகாமல் இருக்கும்.

ஆயுதம், மருந்து போன்றவற்றை எட்டாத இடத்தில் வைப்பது பற்றிய ‘காம்’ பயிற்சியும் இலவசம்தான். ஆனால் அது ஆலோசகர்களுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் எழுதப்பட்டது. ‘அசிஸ்ட்’ என்பது நேரில் இரண்டு நாள் உட்கார்ந்து செய்யும் பயிலரங்கு. ஆன்லைனில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2. ‘இலவசம்’ எதுவரை இலவசம் என்று பாருங்கள்

கூடுதல் பேர் தடுக்கி விழும் இடம் இது. மூன்று வகையான ‘இலவசம்’ புழக்கத்தில் இருக்கிறது.

முதல் வகை, அரசு அல்லது அறக்கட்டளைப் பணத்தில் ஓடுபவை. பயிற்சியும் இலவசம், சான்றிதழும் இலவசம். மேலே சொன்னவை பெரும்பாலும் இந்த வகை.

இரண்டாவது, யாரோ உங்களுக்காகப் பணம் கட்டியிருந்தால் மட்டும் இலவசம். கியூ.பி.ஆர். பயிற்சியும் லிவிங்வொர்க்ஸ் ஸ்டார்ட் பயிற்சியும் இப்படி. இரண்டும் நல்ல பயிற்சிகள், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும், அடிப்படையில் கட்டணம் உண்டு. ஒரு பல்கலைக்கழகமோ மாவட்ட நிர்வாகமோ நிறுவனமோ மொத்தமாக உரிமம் வாங்கி வைத்திருந்தால் அவர்கள் தரும் குறியீட்டை இட்டு இலவசமாக நுழையலாம். ஆகவே கார்டு எண்ணைத் தட்டும் முன், படிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ ‘நம்மிடம் குறியீடு இருக்கிறதா?’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். இணையத்தில் யாரோ போட்டுவைத்த பழைய குறியீடுகள் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும், அல்லது அந்த ஊர் அஞ்சல் குறியீடு இருந்தால்தான் ஏற்கும். பொய்யான முகவரி போட்டு நுழையாதீர்கள். அந்த இடங்கள் எண்ணிக்கையில் அடங்கியவை; அங்கே உள்ள ஒருவருக்குப் போக வேண்டியது.

மூன்றாவது, பார்ப்பது இலவசம், சான்றிதழுக்குக் கட்டணம். பொதுவான பாடத் தளங்களில் இது வழக்கம். ‘ஏழு நாள் இலவசம்’ என்று கார்டு விவரம் கேட்கும் தளத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை அதற்கு அவசியமே இல்லை.

நன்கொடை கேட்கும் பெட்டி எங்காவது வரும். அதை மூடிவிட்டும் தொடரலாம்.

3. என்ன ஆவணம் வேண்டும்

அடையாள அட்டை எதுவும் வேண்டாம். பெயர், மின்னஞ்சல், நாடு அல்லது அஞ்சல் குறியீடு, என்ன வேலை, இவ்வளவுதான் கேட்பார்கள். அரசு அடையாள எண்ணையோ அட்டையின் படத்தையோ கேட்கும் தளம் சரியான தளம் அல்ல.

வயது வரம்பைப் பாருங்கள். பல பயிற்சிகள் 16 அல்லது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் செய்த பயிற்சிகள் வேறு. பெரியவர்களுக்கானதைப் பிள்ளையை உட்காரவைத்துக் காட்டாதீர்கள்.

எந்த மின்னஞ்சலைக் கொடுப்பது என்பதையும் யோசியுங்கள். அலுவலகம் வழியாகச் சேர்ந்தால் முடித்தீர்களா இல்லையா என்பது நிறுவனத்துக்குத் தெரியும். இடையில் ‘இந்தப் பிரச்சினை உங்களைத் தனிப்பட்ட முறையில் பாதித்ததுண்டா?’ என்பது போன்ற கேள்விகள் வரலாம். விருப்பம் இருந்தால் மட்டும் பதில் சொல்லுங்கள். பெரும்பாலும் ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற தெரிவு இருக்கும். சொந்த மின்னஞ்சல்தான் நிம்மதி.

4. நேரம்

20 நிமிடம் என்று போட்டிருந்தால் 40 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரம் என்றால் ஒன்றரை. வீடியோவை நிறுத்தி யோசிக்க வேண்டிவரும், எண்ணங்கள் கிளறப்படும். முடித்த கையோடு அடுத்த மீட்டிங்கில் உட்காரும்படி வைத்துக்கொள்ள வேண்டாம். இரவு படுக்கப்போகும் நேரத்தில் தனியாகச் செய்வதையும் தவிர்த்துவிடுங்கள்.

நெருங்கிய ஒருவரை அண்மையில் தற்கொலையில் இழந்தவராக இருந்தால் அவசரப்படாதீர்கள். அறிகுறிகளின் பட்டியலைப் பார்த்ததும் ‘அன்றைக்கு அவர் சொன்னது இதுதானே, எனக்குத் தெரியாமல் போய்விட்டதே’ என்று மனம் ஓடும். நடந்த பிறகு திரும்பிப் பார்க்கும்போது மட்டுமே தெளிவாகத் தெரியும் அறிகுறிகள் அவை. அன்றைக்கு யாருக்கும் அப்படித் தெரிந்திருக்காது. உங்களுக்கு முதலில் வேண்டியது இழப்புக்கான ஆதரவுக் குழு.

5. பயிற்சி ஓடும்போது என்ன சிக்கும்

அலுவலக, கல்லூரி வைஃபையில் பக்கம் திறக்காமல் போவது சாதாரணம். ‘தற்கொலை’ என்ற சொல் வரும் தளங்களை வடிகட்டிகள் மொத்தமாகத் தடுத்துவிடும். மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

இன்காக்னிட்டோவில் திறக்காதீர்கள். முடித்த பாடங்கள் பல தளங்களில் குக்கீயில்தான் சேமிக்கப்படும். ஜன்னலை மூடினால் மறுபடி முதலிலிருந்து. விளம்பரத் தடுப்பான் இருந்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்திவையுங்கள். ‘அடுத்து’ பட்டன் மங்கலாகவே இருந்தால் பெரும்பாலும் பழுது இல்லை: வீடியோவைக் கடைசி நொடி வரை ஓடவிட வேண்டும், அல்லது பக்கத்தில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறை தட்டித் திறக்க வேண்டும்.

பயிற்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பிரவுசரின் தமிழாக்க வசதி முன்பக்கத்தை மாற்றும். பாடம் ஓடும் பெட்டிக்குள் பல நேரம் வேலை செய்யாது. வீடியோ யூடியூபில் இருந்தால் தானியங்கி வசனவரியைத் தமிழில் வரவைக்கலாம், ஆனால் அதை நம்பி முக்கியமான வரிகளைக் குறித்துக்கொள்ளாதீர்கள். பாடத்தின் எழுத்து வடிவத்தைப் பல தளங்கள் தனிக் கோப்பாகக் கொடுக்கின்றன. அதை இறக்கிவைத்துக்கொண்டு, கூடவே படித்தபடி பார்ப்பதுதான் வசதி. ஆங்கிலம் சரளமாக வராதவரோடு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் நிறுத்தி நிறுத்திச் சொல்வதும் நன்றாக வேலை செய்யும். சான்றிதழ் ஒருவர் பெயரில்தான் வரும். அடுத்தவர் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

6. கேள்வியை உங்கள் வாயில் வரும் தமிழில் எழுதிவையுங்கள்

எந்தப் பயிற்சியும் செய்து தராத வேலை இது. ஆங்கிலத்தில் கேட்டுப் பழகிய கேள்வி, வேண்டிய நேரத்தில் தமிழில் வராது. வாய் அடைத்துக்கொள்ளும், சுற்றி வளைக்கும், கடைசியில் இப்படித்தான் வந்து விழும்:

“ஏடாகூடமா எதுவும் பண்ணிட மாட்டியே?”

“தப்பா எதுவும் யோசிக்கலையே?”

இரண்டுமே ‘இல்லை’ என்ற விடையை நாமே எடுத்துக் கொடுக்கும் கேள்விகள். கேட்பவருக்கு அந்த ‘இல்லை’தான் வேண்டும் என்பது எதிரில் இருப்பவருக்கு நன்றாகவே புரியும், அதையே கொடுத்துவிடுவார். ‘தப்பா’ என்ற ஒரு சொல்லிலேயே தீர்ப்பும் வந்துவிடுகிறது.

கவனித்ததைச் சொல்லுங்கள், அப்புறம் நேராகக் கேளுங்கள். வயதில் இளையவரிடம்:

“தம்பி, ரெண்டு வாரமா நீ சரியாத் தூங்கறதில்லை, யார்கூடவும் பேசறதில்லை. நேத்து ‘நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி’ன்னு சொன்ன. இவ்வளவு கஷ்டம் வரும்போது சில பேருக்குச் செத்துடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா? தற்கொலை பண்ணிக்கலாம்னு நினைக்கிறியா?”

மூத்தவரிடம்:

“அக்கா, நேராவே கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?”

இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுப் பேச்சில், உங்கள் ஊர் வழக்கில் மாற்றி எழுதி, மூன்று நான்கு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் முறை நாக்கு தடுமாறும். அந்தத் தடுமாற்றம் இப்போதே தீர்ந்துபோகட்டும்.

கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம்தான் பலரையும் தடுக்கிறது. இதை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2005இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்விலும், 2014இல் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த தொகுப்பிலும், கேட்டதால் எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை.

எங்கே கேட்பது என்பதும் முக்கியம். குடும்பமே கூடியிருக்கும் கூடத்தில் கேட்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் பயிற்சி இணைப்பைப் போட்டு ‘எல்லாரும் பாருங்க’ என்று, உண்மையில் ஒரே ஒருவருக்காக அனுப்புவதும் வேண்டாம். அது தனக்குத்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்தோ, சேர்ந்து நடந்தபடியோ, வண்டியில் போகும்போதோ கேட்பது எளிது. முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசும்போது பல பேருக்கு வாய் திறக்கும்.

7. ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டால்

பயிற்சிகள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துபோகும். நீங்கள் வேகமாகக் கடக்காதீர்கள்.

முதல் சில நிமிடம் அறிவுரை சொல்லவே கூடாது. “உனக்கென்ன குறை?”, “பெத்தவங்களை நினைச்சுப் பாத்தியா?”, “இது கோழைத்தனம்”: அன்பில் சொன்னாலும் இந்த மூன்றும் பேச்சை அங்கேயே மூடிவிடும். “சொன்னது நல்லதாப் போச்சு. என்ன நடந்துச்சுன்னு சொல்லு, நான் எங்கேயும் போகலை” என்பது போதும். இடையில் மௌனம் வந்தால் அதை நிரப்ப முயலாதீர்கள்.

அடுத்து, எவ்வளவு அவசரம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கொலம்பியா புரோட்டோகாலின் வரிசை இதற்குத்தான். முதல் கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்று தோன்றியதா என்பது. இரண்டாவது, தற்கொலை எண்ணமே வந்ததா. இரண்டாவதற்கு ‘ஆம்’ என்றால், எப்படி என்று யோசித்தாரா, செய்துவிடும் நோக்கம் இருந்ததா, திட்டம் போட்டிருக்கிறாரா என்று மூன்று, நான்கு, ஐந்து. ‘இல்லை’ என்றால் அந்த மூன்றையும் விட்டுவிட்டு நேரே ஆறாவதுக்குப் போக வேண்டும்: இதற்கு முன் எப்போதாவது முயன்றதுண்டா, தயாரிப்பு ஏதும் செய்ததுண்டா? நோக்கமோ திட்டமோ இருந்தால், அல்லது கடந்த மூன்று மாதத்துக்குள் முயற்சியோ தயாரிப்போ நடந்திருந்தால், அது அவசரநிலை.

அவசரநிலை என்றால்: தனியாக விடாதீர்கள், அவசர உதவி எண்ணை அழையுங்கள் அல்லது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூடவே போங்கள், அவர் யோசித்து வைத்திருக்கும் பொருள் கைக்கெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பறிப்பதற்காக மல்லுக்கு நிற்க வேண்டாம், உங்களுக்கும் ஆபத்து. அந்த வேலையை அவசர உதவிக்கு வருபவர்களிடம் விடுங்கள்.

அந்த அளவுக்கு இல்லை என்றால், “இந்த நம்பருக்குப் பேசிப் பாரு” என்று எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஸ்பீக்கரில் போட்டுச் சேர்ந்தே அழையுங்கள். இன்னும் யாரிடம் சொல்லலாம் என்று அவரையே கேட்டு, அந்த ஒருவரின் பெயரை வாங்குங்கள். அடுத்து எப்போது பேசுவது என்று நேரம் குறித்துவிட்டு எழுந்திருங்கள்.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு” என்பது கட்டாயம் வரும். பண்ணாதீர்கள். “ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்” என்று அப்போதே சொல்லிவிடுங்கள். சத்தியம் பண்ணிவிட்டு உடைப்பதைவிட இது எவ்வளவோ மேல். அதேபோல, ‘இனிமேல் செய்ய மாட்டேன்’ என்று அவரிடம் சத்தியம் வாங்குவதிலும் பயனில்லை. அடுத்த முறை எண்ணம் வந்தால் வாக்குத் தவறியதற்கு வெட்கப்பட்டு உங்களிடம் வராமல் போவார்.

மறுநாள் ஒரு செய்தி, அந்த வாரத்துக்குள் ஓர் அழைப்பு. மருத்துவமனையிலிருந்து வந்தவர் என்றால் முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை. ‘வீட்டுக்கு வந்தாச்சு, இனிமே பயமில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். சிகிச்சையைத் தொடர மறுத்தவர்களுக்கு அமெரிக்க மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ சின்னச் சின்ன விசாரிப்புக் கடிதங்கள் அனுப்பிப் பார்த்தார். கடிதம் போனவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை குறைவாக இருந்தது. பதில் எதிர்பார்க்காத கடிதங்கள் அவை. உங்கள் செய்தியும் அப்படியே இருக்கட்டும்: “நினைச்சுக்கிட்டேன், அதான் அனுப்பினேன். பதில் போடணும்னு இல்லை.”

8. சான்றிதழ்

பல தளங்களில் சான்றிதழுக்கு முன் ஒரு கருத்துக் கேட்புப் படிவம் வரும். ‘பாடம் முடிந்தது’ என்ற பக்கத்தைப் பார்த்ததும் ஜன்னலை மூடுபவர்களுக்குச் சான்றிதழ் வராது. படிவத்தையும் முடித்து, கோப்பை உடனே இறக்கி, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள். சில தளங்களில் பிறகு உள்ளே போய் எடுக்க வழி இருக்காது. கடைசிப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவையுங்கள். மின்னஞ்சலில் வரும் என்றால் ஸ்பேமைப் பாருங்கள்.

பெயரைச் சான்றிதழில் எப்படி வர வேண்டுமோ அப்படியே, இனிஷியலோடு, தொடக்கத்திலேயே தட்டுங்கள். பிறகு திருத்த மின்னஞ்சல் போட்டுக் காத்திருக்க வேண்டிவரும்.

நீங்கள் ஒரு பயிற்சியை முடித்தீர்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. ஆலோசகர் தகுதி தராது. பணியிடத்தில் பயிற்சி மணி நேரமாகக் கணக்கில் எடுப்பார்களா என்பதை முடிக்கும் முன்பே மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். சிலர் குறிப்பிட்ட பயிற்சிகளை மட்டும் ஏற்பார்கள்.

9. முடித்த பிறகு

இந்தத் திறன் மங்கும். பயிற்சி முடித்த சூட்டில் இருக்கும் தன்னம்பிக்கை சில மாதங்களில் இறங்கிவிடுவதை ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனில் நினைவூட்டல் வையுங்கள். 20 நிமிடப் பயிற்சியையே மறுபடி ஓட்டினால் போதும்.

போனின் தொடர்புப் பட்டியலில் ‘உதவி’ என்ற பெயரில் மூன்று எண்கள் சேமியுங்கள்: உங்கள் நாட்டின் உதவி எண், ஆம்புலன்ஸ் எண், நேரில் போகக்கூடிய ஒரு மனநல மருத்துவமனை அல்லது பிரிவின் எண். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விவரம் குறித்துவையுங்கள்: 24 மணி நேரமும் எடுப்பார்களா, தமிழில் பேசுவார்களா. வேறு நாட்டில் இருக்கும் ஒருவருக்காகக் கவலைப்படுபவர்கள் அந்த நாட்டு எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுருக்க எண்கள் நாட்டுக்கு வெளியிலிருந்து பெரும்பாலும் போகாது. ஆகவே அவருக்குப் பக்கத்தில் இருந்து கதவைத் தட்டக்கூடிய ஒருவரின் எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும்.

நினைவூட்டல் வரும் நாளில் அந்த எண்கள் மாறிவிட்டனவா என்று அதிகாரப்பூர்வப் பக்கத்தில் சரிபார்த்துவிடுங்கள். உதவி எண்கள் மூடப்படுவதும் ஒன்றோடொன்று இணைக்கப்படுவதும் அடிக்கடி நடக்கிறது. பழைய எண்ணைத் தாங்கிய போஸ்டர்கள் மட்டும் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.